மிஸ்ஸுக்கும் மருமகளுக்கும் நடுவே ஒரு தரகன்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. நான்தான் அதை விட்டேன் என்று சொல்வது என் வழக்கம். அதற்குப் பிறகு நான் படித்ததெல்லாம் மிளகு. ஒரு கைப்பிடி மிளகை மோந்து பார்த்து, இது பல்லேகமப் பக்கத்து மேட்டுக்கொடி, இது பள்ளத்துக்கொடி, இது நேற்று மழையில் நனைந்துவிட்டு இன்று காய்ந்த மாதிரி நடிக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவேன். மாத்தளை டவுனில் இப்படிச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள் என்று கேள்வி. நான் பார்த்ததில்லை.

என் தொழில் தரகு. மிளகு வைத்திருக்கிறவருக்குச் சிங்களம் மட்டும் தெரியும். கொழும்பிலிருந்து வாங்க வருகிற முதலாளிக்குத் தமிழில்தான் கோபம் வரும். நடுவில் நான். தோட்டக்காரர், "இந்தக் கள்ளனுக்கு விக்கிறதைவிட மிளகை ஆத்துல கொட்டலாம்" என்பார். நான் முதலாளியிடம் திரும்பி, "அவரு கொஞ்சம் யோசிக்கணும்ங்கிறாரு" என்பேன். முதலாளி, "இது மிளகா, ஆட்டுப் புழுக்கையா?" என்பார். நான் தோட்டக்காரரிடம், "உங்க தோட்டம் எந்தப் பக்கம்னு ஆசையா விசாரிக்கிறாரு" என்பேன். சாயங்காலம் இரண்டு பேரும் ஒரே கடையில் பிளேன்டீ குடித்துவிட்டுக் கைகுலுக்கிப் பிரிவார்கள். இந்த நாட்டில் எத்தனையோ சமாதானப் பேச்சு நடந்தது. ஒன்றுக்காவது என்னைக் கூப்பிட்டிருந்தால் நாடு பிழைத்திருக்கும். படித்தவர்களைக் கூப்பிட்டார்கள்.

இந்த வாயை நம்பித்தான் கடை, இரண்டு மாடி வீடு, மகனைக் கத்தாருக்கு அனுப்பியது எல்லாம். ஆகவே பேத்தியின் காரியத்திலும் அந்த வாயையே நம்பினேன். வேறு எதை நம்புவது?

பேத்திக்கு அப்போது ஐந்து வயது முடிந்திருந்தது. ஒரு சொல் பேசியதில்லை. கூப்பிட்டால் திரும்பமாட்டாள். போத்தல் மூடி, தட்டு, சக்கரம் என்று சுற்றக்கூடிய எதுவும் அகப்பட்டால் உலகம் மறந்துவிடும். குக்கர் விசிலடித்தால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அலறுவாள். கடையின் பின்னால் கொட்டி வைத்திருக்கும் மிளகுக் குவியலுக்குள் இரண்டு கையையும் முழங்கைவரை புதைத்துக்கொண்டு மணிக்கணக்கில் இருப்பாள். அதில் மட்டும் என் இரத்தம் என்று எனக்குப் பெருமை.

நம் ஊரில் டாக்டர்களுக்குக் குறைவில்லை. மீன் வாங்க வந்தவர், முடிவெட்டுகிறவர், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் எல்லோரும் டாக்டர்தான். "சில பிள்ளைங்க லேட்டாத்தான் பேசும், எங்க மச்சான் ஏழு வயசுலதான் வாயத் தொறந்தான்" என்றார் ஒருவர். அந்த மச்சானை எனக்குத் தெரியும். அவன் திறக்காமலே இருந்திருக்கலாம். போனைக் காட்டியதால் வந்தது என்றார் இன்னொருவர். என் மனைவி அம்மன் கோயில் உண்டியலில் வெள்ளியில் ஒரு சின்ன நாக்குச் செய்து போட்டாள். அம்மன் அவசரப்படவில்லை. நேர்சரி டீச்சர் மட்டும் அவசரப்பட்டார். ஒரு வாரம் வைத்திருந்துவிட்டு, "பிள்ளை இன்னும் கொஞ்ச நாள் வீட்லயே சந்தோஷமா இருக்கட்டும் ஐயா" என்றார். எத்தனையோ மூட்டையைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இவ்வளவு இனிமையாக அனுப்ப எனக்கு வராது.

மருமகள் வவுனியாக்காரி. உயர்தரம்வரை படித்தவள். வந்து இத்தனை வருஷமாகியும் சிங்களத்தில் ஏழெட்டுச் சொல்தான் தெரியும். தெரியாததைப் பேசி மானம் போவதைவிடப் பேசாமலிருப்பது மேல் என்பது அவள் ஊர்க் கௌரவம். அவள்தான் எங்கேயோ விசாரித்து ஒரு செய்தி கொண்டுவந்தாள். டவுன் பள்ளிக்கூடம் ஒன்றில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு விசேட வகுப்பு இருக்கிறது. சில இடங்கள்தான். பிள்ளைக்கு என்ன உதவி வேண்டும் என்று ஆஸ்பத்திரி உளவியல் மிஸ் றிப்போட் எழுதித் தந்தால், ஜனவரியில் ஓரிடம் கேட்கலாம்.

"அந்த இடம் கிடைக்காட்டி நான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வவுனியாவுக்குப் போறன் மாமா" என்றாள். "அங்க அம்மா இருக்கிறா. தமிழில கதைக்கிற ஆக்கள் இருக்கினம். இப்பிடியே இனி என்னால ஏலாது."

சண்டைக்குச் சொல்லவில்லை, நிதானமாகச் சொன்னாள். அதுதான் பயம். பேத்தியை வவுனியாவுக்கு அனுப்புவதா? மிளகுக் குவியல் அங்கே யார் வைத்திருக்கிறார்கள்?

அதே நேரத்தில் அந்த வகுப்பும் எனக்குப் பிடிக்கவில்லை. என் கடைசி மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். தரகனுக்குப் பெயர்தான் முதல். "அவரு பேத்தி அந்த வகுப்புல இருக்காமே" என்று டவுன் பேச ஆரம்பித்தால், பல்லேகமவில் மிளகு காய்வதற்குள் செய்தி அங்கே காய்ந்துவிடும். ஆனாலும் மிஸ்ஸைப் பார்ப்பதற்கு ஒத்துக்கொண்டேன். மிஸ் சிங்களப் பெண், மருமகளுக்குச் சிங்களம் வராது, நடுவில் ஓர் ஆள் தேவை. இதைவிட எனக்கு என்ன வேண்டும்? சாதாரண வகுப்புக்கே போகலாம் என்று அந்த மிஸ்ஸின் வாயாலேயே சொல்லவைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

மிஸ்ஸுக்கு என் கடைசி மகளின் வயதிருக்கும். அழகாக "வணக்கம்" என்றார். அதோடு அவருடைய தமிழ் முடிந்தது. மேசையும் நாற்காலியும் இருக்க, தரையில் விரித்திருந்த பாயில் போய் உட்கார்ந்தார். பேத்தி ஒரு டப்பா மூடியைச் சுழற்றிவிட்டு, கன்னத்தைத் தரையில் வைத்து அது சுற்றுவதைப் பார்த்தாள். மிஸ்ஸும் இன்னொரு மூடியைச் சுழற்றிவிட்டு, அதே மாதிரிக் கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்தார். அரசாங்கம் சம்பளம் கொடுத்து மூடி சுழற்றச் சொல்கிறது, நல்ல உத்தியோகம் என்று நினைத்துக்கொண்டேன். பேத்தி ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தாள். புது ஆளை அவள் பார்த்து நான் கண்டதில்லை.

"வீட்ல பிள்ளை எப்படின்னு அம்மாகிட்ட கேளுங்க சீயா" என்றார் மிஸ் சிங்களத்தில். சீயா என்றால் தாத்தா. முதலாளி என்று கூப்பிட்டிருக்கலாம்.

நான் கேட்டேன். மருமகள் அணை உடைந்த மாதிரி ஆரம்பித்தாள். "ஒரு சொல்லும் கதைக்கிறாள் இல்லை. தனக்கு என்ன வேணுமெண்டு காட்டவும் தெரியாது. சத்தம் கேட்டால் தலையைக் கொண்டுபோய்ச் சுவரில இடிக்கிறாள். பிடிக்கப் போனால் கடிக்கிறாள். இரவில துண்டு துண்டாத்தான் நித்திரை. நான் குளிக்கப் போனாலும் கதவைத் திறந்து வச்சுக்கொண்டுதான் மாமா..." இடையில் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். "கொஞ்சம் குறும்புக்காரப் பிள்ளைங்க மிஸ். காது ரொம்பக் கூர்மை."

மிஸ் பேனாவைப் பிடித்தபடி என்னையும் மருமகளையும் மாறி மாறிப் பார்த்தார். "அம்மா இவ்வளவு நேரம் பேசினாங்களே. அவ்வளவுதானா?"

"தமிழ் நீளமான பாஷைங்க."

"சரி. அம்மா எப்படி இருக்காங்க? தூங்குறாங்களா? அவங்களுக்கு உதவிக்கு யாரு?"

பிள்ளையைக் காட்டவந்த இடத்தில் தாயை எதற்கு விசாரிக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. அதை மருமகளிடம் கேட்கவே இல்லை. "வீட்ல ஒரு குறையும் இல்லைங்க மிஸ். காஸ் அடுப்பு, பிரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாம் இருக்கு" என்றேன்.

"என்னவாம் மாமா?"

"நீ நல்லாருக்கியான்னு கேட்டாங்க. நல்லாருக்கன்னுட்டேன்."

பிறகு மிஸ் இறுக்கமாக மூடிய ஒரு கண்ணாடிப் போத்தலில் பிஸ்கட் போட்டுப் பேத்தியின் முன்னால் வைத்தார். பேத்தி என் கையைப் பிடித்து இழுத்துப் போத்தல்மேல் வைத்தாள். நான் உடனே திறந்து கொடுத்தேன். மிஸ் சிரித்துவிட்டு, இனிமேல் அப்படிக் கேட்கும் முன்னால் கொடுக்காதீர்கள், போத்தலை வைத்துவிட்டுக் காத்திருங்கள், அவள் உங்கள் முகத்தைப் பார்க்கட்டும், கையை நீட்டட்டும், ஒரு சத்தமாவது போடட்டும், அப்போது கொடுங்கள், அதுதான் அவளுக்குப் பேச்சின் முதல் படி என்று நிதானமாக விளக்கினார். பசித்த பிள்ளையின் முன்னால் பிஸ்கட்டைக் காட்டிவிட்டு வேடிக்கை பார்க்கிற படிப்பை எந்தக் கெம்பஸில் சொல்லிக்கொடுக்கிறார்களோ! வாடிக்கைக்காரன் வாய் திறப்பதற்கு முன்னால் சரக்கை எடுத்து வைப்பவன் நான்.

"பிள்ளைக்கு பிஸ்கட் குடுக்கச் சொல்றாங்கம்மா" என்றேன் மருமகளிடம்.

கடைசியில் மிஸ் சொன்னார்: "நீங்க சொல்றதைப் பாத்தா சாதாரண வகுப்புக்கே போகலாம் போல இருக்கு. ஆனா நான் பாக்கிற பிள்ளை வேற மாதிரி இருக்கு. அடுத்த மாசம் இன்னொரு தடவை பாத்திட்டுத்தான் றிப்போட் எழுதுவேன்."

முதல் பாதியையும் அடுத்த மாதம் வரச் சொன்னதையும் மட்டும் மருமகளுக்குக் கொடுத்தேன். சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், "எங்கட பிள்ளையைப் பார்த்துத்தான் சொன்னவவோ?" என்றாள். அன்றைக்கே மகன் கத்தாரிலிருந்து போனில் வந்து, "என்னப்பா சொன்னாங்க?" என்றான். "எல்லாம் ஓகேடா" என்றேன். அவனுக்கும் அவன் குடும்பத்துக்கும் நடுவிலும் நான்தான் நின்றேன். ஓய்வில்லாத உழைப்பு.

இரண்டாவது தடவை போனபோது வெயில். பாயில் உட்கார்ந்து பேத்தியைப் பிடிக்கையில் மருமகளின் சட்டைக் கை மேலே ஏறிவிட்டது. முழங்கைக்குக் கீழே வட்ட வட்டமாக நீலத் தழும்புகள், ஒன்றின்மேல் ஒன்று. மிஸ் மெதுவாக அந்தக் கையைத் தொட்டு, என்னைப் பார்த்தார்.

"இது என்ன சீயா?"

"பூனைங்க மிஸ்" என்றேன். சிங்களத்தில் பூனைக்குப் 'பூசா'.

மருமகளுக்குத் தெரிந்த ஏழெட்டுச் சொல்லில் அதுவும் ஒன்று. என் கெட்ட காலம்.

"பூனையோ?" என்று நிமிர்ந்தாள். "எங்கட வீட்டில பூனையே இல்லை மாமா! என்னத்தை இவவுக்குச் சொல்லுறியள்?"

மிஸ்ஸுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் மருமகளின் முகத்துக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. தழும்பை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, "இங்க பூனைக்கெல்லாம் இவ்வளவு வட்டமான வாயா சீயா?" என்று கேட்டார்.

நான் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பச் செருகினேன்.

"போன தடவை அம்மா கண்ணைத் துடைச்சிட்டுப் பேசினாங்க. நீங்க காது கூர்மைன்னு சொன்னீங்க" என்றார் மிஸ். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் கோபப்பட்டுச் சமாளித்திருப்பேன். "நீங்க சொன்னதை வச்சு நான் எழுதினா, விசேட வகுப்பே தேவையில்லைன்னு ஆயிரும். பிள்ளை போய் நாப்பது பேர் நடுவுல உக்காரணும். எத்தனை நாள் வச்சிருப்பாங்க? அடுத்த தடவை தமிழ் தெரிஞ்ச ஒரு நேர்ஸைக் கூப்பிடுறேன். நீங்களும் வாங்க. தாத்தாவா வாங்க."

ஆகப் பதவி இறக்கம். மாத்தளை மாவட்டத்திலேயே பெரிய தரகன், வார்ட்டில் ஊசி போடுகிற ஒரு பெண்ணுக்கு இடம் விட்டுக்கொடுக்க வேண்டும்.

வீட்டுக்குப் போகிற ஓட்டோவிலேயே விசாரணை ஆரம்பமானது.

"முதல் நாளும் இப்பிடித்தான் சொன்னனீங்களோ?"

"இல்லம்மா, கொஞ்சம் மெருகேத்தி..."

"குக்கருக்கு இடிக்கிறதைச் சொன்னனீங்களோ?"

"காது கூர்மைன்னேன்."

"பிஸ்கட்?"

பிஸ்கட்டையும் சொன்னேன். ஓட்டோக்காரன் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே ஓட்டினான். தமிழ்ப் பையன். இனிக் கதை டவுன் முழுக்கப் போகும். அவனுக்குத் தரகன் தேவையில்லை.

"பொறுத்திருந்து குடுங்கோ எண்டு சொல்லியிருக்கிறா. நான் ஒரு மாசமா அவள் அழ முதலே பிஸ்கட்டை வாய்க்குள்ள வச்சுக்கொண்டிருக்கிறன்" என்றாள் மருமகள். அதற்குப் பிறகு என்னோடு பேச்சில்லை. தேத்தண்ணி வரும், தட்டு வரும், சொல் வராது. வீட்டில் பேசாதவர்கள் இரண்டு பேரானார்கள்.

என் மனைவிக்கு மட்டும் வாய் நன்றாக இருந்தது. "மிளகு வித்த வாய்தானே. மேல நல்ல மணியப் பரப்பி, கீழ சொத்தைய வச்சுப் பழகிருச்சு. பேத்தியையும் சாக்குல கட்டிருச்சு" என்றாள். இத்தனை வருஷம் அந்த மிளகுச் சோற்றைத்தான் சாப்பிட்டாள் என்பதை நான் நினைவூட்டவில்லை.

மருமகள் ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலை எடுத்துப் பிஸ்கட் போட்டு, இறுக்க மூடி, பேத்தியின் முன்னால் வைத்துவிட்டு உட்கார ஆரம்பித்தாள். பிள்ளை அலறும். தாய் அசையமாட்டாள். கண்ணில் நீர் வழியும், ஆனாலும் அசையமாட்டாள். எனக்கு அதைப் பார்க்க முடியாமல் கடைக்குப் போய், கராம்பைக் காரணமில்லாமல் புடைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மத்தியானம் அலறல் நின்றிருந்தது. எட்டிப் பார்த்தேன். பேத்தி போத்தலைத் தூக்கித் தாயின் மடியில் வைத்து, தாயின் தாடையைப் பிடித்து முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். அவ்வளவுதான். அம்மா என்று சொல்லவில்லை, வானத்திலிருந்து பூ விழவில்லை. மருமகள் போத்தலைத் திறந்த வேகத்தில் பிஸ்கட்டெல்லாம் தரையில் கொட்டியது. கதவுக்குப் பின்னால் நின்ற நான் வந்த வழியே திரும்பிக் கடைக்குப் போய்விட்டேன்.

மூன்றாவது தடவை போனபோது அந்த நேர்ஸ் வரவில்லை. வார்ட்டில் அவசரமாம். மிஸ் நாலைந்து இடத்துக்குப் போன் பண்ணிப் பார்த்தார். பள்ளிக்கூடத்துக்கு றிப்போட் போக வேண்டிய கடைசி வாரம் அது. அடுத்த மாதம் வந்தால் இடங்கள் நிரம்பியிருக்கும். பிறகு ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். மருமகள் காத்திருக்கமாட்டாள். வவுனியாவுக்குப் போகிற பையை அவள் அலுமாரிக்கு மேலேயிருந்து இறக்கி வைத்திருந்ததை நான் பார்த்திருந்தேன்.

மருமகள் என் பக்கம் திரும்பினாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு முதல் பேச்சு.

"மாமா, இண்டைக்கு நீங்கள்தான். நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லுங்கோ. ஒண்டும் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்."

மிஸ்ஸிடம் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டார். "அவங்க 'நான்'னு சொன்னா நீங்களும் 'நான்'னு சொல்லணும். 'அவ இப்படிச் சொல்றா'ன்னு ஒதுங்கக் கூடாது. நீளமானா கையைக் காட்டி நிறுத்துங்க. சுருக்காதீங்க."

சிறுவயதில் ஓடித் தப்பிய பரீட்சை கடைசியில் ஆஸ்பத்திரிக்கு வந்து பிடித்துக்கொண்டது.

"நான் இவளைப் பெத்தனான்" என்று ஆரம்பித்தாள் மருமகள்.

மீசை வைத்த நான், வெள்ளைச் சட்டைப் பையில் இரண்டு பேனா குத்திய நான், "நான் இவளைப் பெத்தவ" என்றேன் சிங்களத்தில். மிஸ் சிரிக்கவில்லை. வாசலில் நின்ற சிற்றூழியர் சிரித்தார்.

"இவள் ஒரு நாளும் என்னை அம்மா எண்டு கூப்பிடேல்ல. அது பரவாயில்லை. வயித்தில இருக்கேக்க என்ன சாப்பிட்டனீ எண்டு ஆக்கள் கேக்கிறதுதான் ஏலாது."

சொன்னேன்.

"சில நாள் நான் பாத்ரூமுக்குள்ள போய்த் தண்ணியைத் திறந்துவிட்டுட்டு, துவாயைக் கடிச்சுக்கொண்டு அழுறனான். சத்தம் கேட்டால் இவள் பயந்திடுவாள்."

அதையும் சொன்னேன். அந்தக் கதவைத் தட்டி, "யாரு உள்ள? டாங்கித் தண்ணியெல்லாம் வீணாகுது" என்று உரையாற்றிய பெரிய மனுசன் யார் என்று அவள் சொல்லவில்லை. சொல்லாததை நானும் சேர்க்கவில்லை. கூட்டக் கூடாது என்றுதானே ஒப்பந்தம்.

பிறகு அவள் என்னைப் பார்க்காமல், பாயில் மூடி சுற்றுவதைப் பார்த்தபடி சொன்னாள். "மச்சாளைப் பொம்பிளை பார்க்க வந்தண்டைக்கு மாமா என்னையும் பிள்ளையையும் பக்கத்து வீட்டில கொண்டுபோய் விட்டவர். பிள்ளை என்ர கையை உதறிப்போட்டு வீட்டுக்கு ஓடிட்டுது. வந்த ஆக்கள் ஆர் இது எண்டு கேட்டவை. பக்கத்து வீட்டுப் பிள்ளை எண்டு மாமா சொன்னவர்."

மிஸ் காத்திருந்தார். காத்திருப்பதில் அந்தப் பெண் கெட்டிக்காரி.

எத்தனை பேருடைய வசையை நான் தேனாக மாற்றியிருக்கிறேன். இதற்கு ஒரு நல்ல சொல் போட எனக்கு எவ்வளவு நேரமாகும்? 'மாமா கொஞ்சம் தயங்கினார்.' நாக்கு நுனியில் வந்து நின்றது. மருமகளுக்குத் தெரியவும் வராது. ஆனால் அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், சொல்வதைக் காதால் பிடிக்க முடியாதவள் கண்ணால் பிடிக்கப் பார்ப்பதுபோல.

"வந்தவங்க இது யாருன்னு கேட்டாங்க" என்றேன். "பக்கத்து வீட்டுப் பிள்ளைன்னு என் மாமனார் சொன்னார்."

மிஸ் என்னை நிமிர்ந்து பார்ப்பார் என்று முகத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவர் பார்க்கவில்லை. எழுதிக்கொண்டே, "அப்ப உங்களுக்கு எப்படி இருந்திச்சு?" என்று மருமகளிடம் கேட்டார். கடைசி மகளுக்குப் பார்த்த அந்தச் சம்பந்தம் பிறகு சீதனப் பேச்சில் உடைந்துபோனது வேறு கதை. பொய் சொன்னதற்கு லாபமும் இல்லை.

மருமகள் பேசிக்கொண்டே போனாள், நான் சொல்லிக்கொண்டே போனேன். கடைசியில், "மாமா கெட்டவர் இல்லை. இவள் பகலில ஒரு கண் அயருறது எண்டால் அவரின்ர மடியில மட்டும்தான். அவர் அந்த நேரம் வியாபாரத்துக்கும் எழும்பமாட்டார்" என்றாள்.

"முடிஞ்சுதுங்க மிஸ்" என்றேன்.

"இல்லை" என்றாள் மருமகள். "கடைசியாச் சொன்னதையும் சொல்லுங்கோ."

என்னைப் பற்றி நானே பேசுவதில் டவுனில் என்னை வெல்ல ஆளில்லை. அன்றைக்கு அந்த இரண்டு வரியைச் சிங்களத்தில் சொல்லி முடிப்பதற்குள் பட்ட பாட்டுக்கு, ஒரு லொறி மிளகை முதுகில் ஏற்றியிருக்கலாம். "மடி" என்கிற இடத்தில் இரண்டு தடவை இருமினேன். மிஸ் தண்ணீர்ப் போத்தலை என் பக்கம் நகர்த்தினார், திறக்காமல். நானே திறந்து குடித்தேன்.

பிறகு அவர் சொன்னதையும் அப்படியே மருமகளுக்குக் கொடுத்தேன். பிள்ளைக்கு ஓட்டிசம். மருந்து குடித்துப் போகிற நோய் இல்லை, அவள் இருக்கும் விதம் அது. கூடவே பழக்கப் பழக்க நிறையக் கற்றுக்கொள்வாள். சின்ன வகுப்பு வேண்டும், சத்தம் குறைந்த இடம் வேண்டும், படத்தைக் காட்டிக் கேட்கப் பழக்க வேண்டும். கடிப்பதற்கு முன்னால் என்ன நடந்தது என்று கவனித்தால் பாதிக் கடியைத் தடுக்கலாம். தாய்க்கு ஓய்வு வேண்டும், அதையும் றிப்போட்டில் எழுதப்போகிறேன். "ஓய்வு வேணும்னு எழுதப்போறாங்களாம்மா" என்று சொன்னபோதுதான் மருமகள் அழுதாள். மற்ற எதற்கும் அழவில்லை.

றிப்போட் போனது. பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் கூப்பிட்டுப் பிள்ளையைப் பார்த்தார்கள். டீச்சர் சிங்களத்தில், "பிள்ளைக்கு எது கஷ்டம்?" என்று கேட்டார். பழக்கதோஷத்தில் நான் வாயைத் திறந்தேன். அதற்குள் மருமகள் தன் ஏழெட்டுச் சொல்லையும் வழியில் பொறுக்கிய இன்னும் நாலைந்தையும் சேர்த்து, "சத்தம் கஷ்டம். பேச்சு இல்லை. கடி இருக்கு. நல்ல பிள்ளை" என்றாள். அத்தனையும் இலக்கணப் பிழை. டீச்சருக்கு எல்லாம் விளங்கியது. ஒரு தவணை, அதாவது முதல் சில மாதம், வைத்துப் பார்க்கலாம் என்று இடம் கொடுத்தார்கள்.

முதல் நாள் காலையில் பேத்தியை விட்டுவிட்டு வந்த மருமகள், வவுனியாப் பையைத் தூக்கி அலுமாரிக்கு மேலே போட்டாள். பாத்ரூமுக்குப் போனாள், கதவைச் சாத்திக் குளித்தாள். பிறகு போய்ப் படுத்தவள்தான். ஒன்பது மணிக்கே வீடு அமைதியாகிவிட்டது. என் மனைவி ரேடியோவை நிறுத்தினாள். குக்கரை அடுப்பில் ஏற்றவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கொழும்பு முதலாளி லொறியோடு வந்து இறங்கினார். அவருக்கு மெதுவாகப் பேசத் தெரியாது.

"என்ன, வீட்ல யாருக்கும் சுகமில்லையா?"

"மருமக தூங்குறா."

"இந்த நேரத்திலயா?"

"பேத்தி ஸ்கூலுக்குப் போயிருக்கா. விசேட வகுப்பு. அவளுக்கு ஓட்டிசம்."

முதலாளி நாக்கால் 'ச்சு' கொட்டிவிட்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்து, கையைச் சட்டைப் பைக்குள் விட்டார். யாரோ ஒரு சாமியாரின் நம்பர் எடுக்கிறார் என்று தெரிந்தது. டாக்டர்கள் கொழும்பிலும் இருக்கிறார்கள்.

"அதெல்லாம் அப்புறம் பாக்கலாம்" என்றேன். "உங்க ஆளுங்களைக் கொஞ்சம் சத்தமில்லாம மூட்டை தூக்கச் சொல்லுங்க. பன்னெண்டு மணிக்குத்தான் அவ எழும்பணும்."

அவர் தன் ஆட்களிடம் திரும்பி, "இவரு மருமக தூக்கத்தையும் நமக்கு விக்கப் பாக்குறாருடா" என்றார். ஆனால் குரலைத் தணித்துத்தான் சொன்னார்.